சான்றுக்கு இன்னும் ஓர் அலை

அன்று காலை பத்து மணி இருபத்திரண்டுக்கு, கடலோர எச்சரிக்கை நிலையத்தில் பணியில் இருந்த இன்னாசி எனக்குப் போன் செய்தார். நாற்பது விநாடி பேசினோம். அந்த நாற்பது விநாடியை விசாரணைக் குழு பதினோரு முறை போட்டுக் கேட்டது. பதினோரு முறையும் நான் அதே பதிலைத்தான் சொன்னேன்.

“மேடம், கோடு பெருசா ஆடுது. ஸ்கோர் அறுபத்தொண்ணுதான் காட்டுது. சைரன அடிக்கட்டா?”

“எண்பதுக்குக் கீழ இருந்தா அடிக்கக் கூடாதுன்னு விதி இருக்கே இன்னாசி.”

“விதி தெரியும் மேடம். நீங்க என்ன நினைக்கிய?”

“இரைச்சல்தான். விட்டுடுங்க.”

பதினொன்று ஐந்துக்கு அலை சங்குத்தோப்பில் ஏறியது. மீன் ஏலம் நடக்கிற நேரம் என்பதால் கரையில் கூட்டம் இருந்தது. முப்பத்தேழு பேர் இறந்தார்கள்.

என் பெயர் வெண்பா. வயது ஐம்பத்திரண்டு. பெயரைக் கேட்டதும் கவிதை எழுதுவீர்களா என்பார்கள். இல்லை, நான் கழித்தல் கணக்குப் போடுகிறவள். நான் பிறந்த காலத்தில் இந்தப் பெயர் பெரிய மோகமாக இருந்தது, வகுப்புக்கு இரண்டு வெண்பா இருந்தோம். கருங்கல்மேடு ஆய்வுக்கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தேன். மலைக்கு அடியில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் எங்கள் கருவி இருக்கிறது. ஈர்ப்பைச் சுமக்கும் கிராவிட்டான் துகள்கள் மோதிச் சிதறுவதை அது பார்க்கிறது. எங்களுக்கு அது போதும். அரசாங்கத்துக்குப் போதவில்லை. மலையைக் குடைய அனுமதி வேண்டுமே, அதற்காக ஒரு வாக்குறுதி கொடுத்தோம்: கடலடியில் நிலம் சரிந்தால், இடம் மாறிய எடையின் சேதி ஒளியின் வேகத்தில் எங்கள் கருவிக்கு வந்துவிடும், அலை கரைக்கு வர முக்கால் மணி நேரமாவது ஆகும், அதற்குள் சைரன் அடித்து ஜனங்களை மேட்டுக்கு அனுப்பலாம். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் எங்கள் மனசில் அது ஒட்டுவேலையாகத்தான் இருந்தது.

கருவி வரையும் கோட்டை எங்கள் மென்பொருள் தன்னிடம் இருக்கும் வார்ப்போடு ஒப்பிடும். நிலம் சரிந்தால் கோடு எப்படி வளைய வேண்டும் என்பதுதான் வார்ப்பு. பொருத்தம் நூற்றுக்கு எண்பதைத் தாண்டினால் கடலோர நிலையத்தில் சைரன் தானாக அடிக்கும். தாண்டாவிட்டால் இரைச்சல் என்று பொருள். லாரி போயிருக்கும், பாறை அசைந்திருக்கும், அப்படி ஏதாவது. ஸ்கோர் குறைவாக இருந்தாலும் பணியில் இருக்கும் அலுவலர் தன் பொறுப்பில் கையால் அடிக்கலாம் என்று ஒரு ஷரத்தும் இருந்தது. அந்த ஷரத்தை வைத்துத்தான் இன்னாசியைக் கைது செய்தார்கள். நான் போனில் சொன்னது சட்டப்படி வெறும் பேச்சு. விசாரணைக்கு ஒத்துழைத்தேன் என்று எனக்கு ஒரு நன்றிக் கடிதம் வந்தது.

எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு ஆராய்வது. தரவைப் பார்த்துவிட்டால் மனசு தனக்குப் பிடித்த விடைக்கு ஏற்றபடி கணக்கை வளைத்துவிடும் என்ற பயம். அதனால் மென்பொருளை முதலிலேயே முடிவு செய்து, இரண்டு பேர் ஆளுக்கொரு சாவி போட்டுப் பூட்டிவிடுவோம். தரவு பெட்டிக்குள் போகும், நிலையத் திரையில் ஓடி மறையும் கோடும் ஸ்கோரும் மட்டும் வெளியே தெரியும். ஐந்து வருடம் கழித்துத்தான் பெட்டியைத் திறப்போம். அதுவரை உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. நேர்மையான பழக்கம்தான். அதன் பெருமையைப் பற்றி நானே ஊர் ஊராகப் போய்ப் பேசியிருக்கிறேன்.

விசாரணைக்காக அந்த ஒரு மணி நேரத் தரவை மட்டும் திறந்து என்னிடம் கொடுத்தார்கள். மூன்று நாள் பார்த்தேன். கருவியில் கோளாறு இல்லை, கம்பியில் கோளாறு இல்லை. செய்வதற்கு வேறு எதுவும் இல்லாமல், பன்னிரண்டு வருடத்துக்கு முன் அந்த மென்பொருளில் நான் எழுதிய ஒரு கழித்தலை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். தொண்ணூற்று நான்கு வந்தது.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் இருக்கும். உடம்பெல்லாம் சிலிர்த்து உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகுதான் முப்பத்தேழு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்காக இன்றுவரை என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் இயக்குநர் அஸ்வத்திடம் போய்ச் சொன்னேன். அவரும் நானும் ஒன்றாக ஆராய்ச்சி தொடங்கியவர்கள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இது வேற யாருக்குத் தெரியும்?”

“உங்களுக்கும் எனக்கும்.”

“வெண்பா, இல்லைன்னு நாம கழிச்ச துகள் நிஜமாவே இருக்கு. நூறு வருஷத்துல இப்படி ஒண்ணு கிடைக்காது.”

“இன்னாசி ஜெயில்ல இருக்கார் அஸ்வத். ஸ்கோரே தப்பு, எங்க கணக்குதான் தப்புன்னு நாம எழுதிக் கொடுத்தா விட்டுடுவாங்க.”

“எதை வெச்சு எழுதறது? இருக்கறது ஒரே ஒரு நிகழ்வு. நிச்சயத்தோட அளவுல மூணு சிக்மாகூட முழுசா வராது. அஞ்சு சிக்மா இல்லாம வாயைத் திறந்தா தற்செயல்னு சொல்லிச் சிரிப்பாங்க. இன்னும் ஒண்ணாவது வேணும்.”

“ஒண்ணுன்னா?”

“நிகழ்வு.”

“அலைன்னு சொல்லுங்க.”

அவர் மேசையில் இருந்த காகிதத்தைத் திருப்பி வைத்தார்.

“சரி, இப்ப எழுத வேண்டாம்,” என்றேன். “வார்ப்பை மட்டும் மாத்திடலாம். கழிச்சது, கழிக்காதது ரெண்டும் ஓடட்டும். எது எண்பதைத் தாண்டினாலும் சைரன் அடிக்கட்டும்.”

“பார்த்த பிறகு மாத்தினா அதுக்கு என்ன பேருன்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா? பெட்டிக்குள்ள நாலு வருஷத் தரவு இருக்கு. அத்தனையும் பாழாயிடும். உலகத்துல ஒருத்தன் நம்ப மாட்டான்.”

“நடுவுல அலை வந்து ஆள் செத்தா?”

“இருபது வருஷத்துக்கு ஒரு தடவை வர்றது வெண்பா.”

“அப்ப இன்னாசி இருபது வருஷம் உள்ள இருக்கணும்.”

“நான் அப்படிச் சொல்லல,” என்றார். உண்மைதான், அவர் அப்படிச் சொல்லவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் பத்துப் பேர் கொண்ட குழு கூடியது. மென்பொருளைத் தொடுவதில்லை, யாரும் வெளியே பேசுவதில்லை என்று ஒன்பது பேர் கை தூக்கினார்கள். தீர்மானத்தில் சங்குத்தோப்பு என்ற பெயர் வரவில்லை. ‘நிகழ்வு எண் ஒன்று’ என்று இருந்தது. நான் தீர்மானத்தை மீறி மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்து பார்த்தேன். உங்கள் நிறுவனத்தின் கருத்தை எழுத்து மூலமாக அனுப்புங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

பிறகு சிறைக்குப் போனேன். இன்னாசிக்கு முப்பத்துநாலு வயது. பாலிடெக்னிக்கில் படித்தவர், எந்தக் கருவியையும் பிரித்து மாட்டாமல் விடமாட்டார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இளைத்துப் போய் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“எனக்கு விளங்குத மாதிரி சொல்லுங்க மேடம். எதக் கழிச்சிய?”

“குளுவான்னு ஒரு துகள் இருக்கு. அணுக்கருவுக்குள்ள பசை மாதிரி எல்லாத்தையும் சேர்த்துப் பிடிச்சிருக்கும். குளுவான்கள் மோதினா எப்படிச் சிதறும்ங்கற கணக்கு எங்களுக்கு அத்துப்படி. கிராவிட்டான் மோதினா வர்ற கணக்கு அப்படி இல்ல. நேரா போட ஆரம்பிச்சா ஒரு மோதலுக்கே நோட்டு நோட்டா தீரும்.”

“அப்ப எப்படிப் போட்டிய?”

“ஒரு குறுக்கு வழி இருக்கு. குளுவான் கணக்குல ரெண்டு பங்கு. ஒண்ணு நிறம். நிஜமான நிறம் இல்ல, அந்தத் துகளோட ஒரு அடையாளத்துக்கு நாங்க வெச்ச பேரு. இன்னொண்ணு, எது எந்தத் திசையில என்ன வேகத்துல போகுதுங்கறது. நிறப் பங்கைத் தூக்கிப் போட்டுட்டு, அந்த இடத்துல ரெண்டாவது பங்கோட நகலையே வெச்சுப் பெருக்கினா, கிராவிட்டான் கணக்கு வந்து நிக்கும். ஏன் வருதுன்னு யாருக்கும் முழுசா தெரியாது. ஆனா வரும்.”

“நல்ல வழியாத்தான இருக்கு.”

“நல்ல வழிதான். ஆனா பெருக்கும்போது கிராவிட்டானோட டிலாட்டான்னு ஒண்ணும் சேர்ந்து வரும். கூப்பிடாம வர்ற விருந்தாளி. இயற்கையில அப்படி ஒண்ணை யாரும் பார்த்ததில்ல. அதனால அதைக் கழிச்சுடுவோம். நம்ம வார்ப்புல அந்தக் கழித்தலை எழுதினது நான். இப்ப அது இருக்கற மாதிரி தெரியுது. அன்னைக்குக் கோட்டுல அதுவும் சேர்ந்து ஆடியிருக்கு. வார்ப்புல அது இல்லாததால பொருந்தல.”

“கழிக்காம ஒரு தடவை ஓட்டிப் பாத்தது இல்லையா?”

“பார்த்தோம். வெறும் கிராவிட்டான் மட்டும் மோதற மாதிரி வெச்சுச் சோதிச்சோம். கழிச்சாலும் கழிக்காட்டியும் அங்க ஒரே விடைதான் வரும். எடையுள்ள பொருள் நடுவுல இருந்தாத்தான் அது தலையைக் காட்டும். மண்ணு, பாறை, தண்ணி, இந்த மாதிரி.”

“கடல்ல தண்ணி இருக்கும்லா மேடம்?”

கிண்டலாகக் கேட்கவில்லை. புரிந்துகொள்ளத்தான் கேட்டார். மண்ணும் நீரும் மனிதர்களும் இல்லாத ஒரு வெற்றுப் பிரபஞ்சத்தில் எங்கள் கணக்கு நூற்றுக்கு நூறு சரியாக வந்தது. அழகான கணக்கு, பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். அதை நம்பித்தான் கரையில் சைரன் கம்பம் நட்டோம்.

“இன்னொரு அலை வரணும், அதுலயும் சைரன் அடிக்காம இருக்கணும். அப்பத்தான் உங்க ஆளுங்க நம்புவாவ, நான் வெளிய வருவேன். அப்படித்தான?”

“அப்படித்தான்.”

“நீங்க வார்ப்ப மாத்திட்டா?”

“சைரன் அடிக்கும். ஆனா ரெண்டு சாவி வேணும், அஸ்வத் தன்னோடதைக் குடுக்க மாட்டார். யார் எதை மாத்தினாங்கன்னு மென்பொருள்ல ஒரு பதிவு ஓடிட்டே இருக்கும், அதை நிறுத்திட்டா ஒரு சாவி போதும். பதிவு நின்ன நாள்ல வர்ற தரவு எதுவும் செல்லாது. அதைக் காட்டி உங்களுக்காக நான் வாதாட முடியாது.” பிறகு கேட்டேன். “நான் என்ன செய்யட்டும் இன்னாசி?”

அதுவரை சாந்தமாக இருந்தவர் முகம் மாறியது.

“என்னையா கேக்குதிய? அன்னைக்கு நான் கேட்டேன், நீங்க சொன்னிய. அதக் கேட்டதுக்குத்தான் இங்கன உக்காந்திருக்கேன். இன்னைக்கு நீங்க கேட்டு நான் சொல்லணுமாக்கும். மாத்துங்கன்னு சொன்னா நான் இங்கனயே கெடந்து சாவணும். மாத்தாதிங்கன்னு சொன்னா நான் கொலகாரன். ரெண்டுல எது ஆனாலும் உங்க தலைல ஒண்ணும் விழாது. எந்திரிச்சுப் போங்க மேடம்.”

எழுந்து வந்தேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. அதற்குத்தான் போயிருந்தேன் என்பது அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பராமரிப்பு என்று காரணம் போட்டுப் பதிவை நிறுத்தினேன். கழித்தலை எடுத்தேன். பதிவைத் திரும்பப் போட்டால் மாற்றம் தெரிந்துவிடும் என்பதால் போடவில்லை. ஓடுவதுபோலத் திரையில் பச்சை விளக்கு மட்டும் எரிய வைத்தேன். மொத்தம் பன்னிரண்டு நிமிட வேலை. இருபது வருடமாக அந்த ஓட்டையை யாரும் அடைக்கவில்லை. எங்களில் யாரும் ஏமாற்ற மாட்டோம் என்ற நம்பிக்கைதான் காரணம்.

இருபது வருடத்துக்கு ஒரு தடவை வருவது ஏழாவது வாரமே வந்தது. முதலில் சரிந்த அதே சரிவில் மிச்சம் இருந்த மண் பிற்பகல் இரண்டு பத்துக்குப் பெயர்ந்தது. ஸ்கோர் தொண்ணூற்றொன்று. சைரன் அடித்தது. முந்தைய சாவு ஞாபகத்தில் இருந்ததால் சங்குத்தோப்பு ஜனங்கள் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடினார்கள். இரண்டு ஐம்பத்தைந்துக்கு அலை ஏறியது. முதல் அலையைவிட உயரம். இருபது படகு உடைந்தது, ஏலக்கூடம் இருந்த இடம் தெரியவில்லை. ஒரு உயிர்கூடப் போகவில்லை. என் அறையில் உட்கார்ந்து அழுதேன். அன்று சாயங்காலம்வரை என்னை நானே மன்னித்திருந்தேன்.

சாயங்காலம் அஸ்வத் வந்தார். பச்சை விளக்கின் ரகசியத்தைக் கண்டுபிடித்திருந்தார்.

“இன்னும் ஏழு வாரம்... நீங்க ஒரு ஏழு வாரம் கையைக் கட்டிட்டு இருந்திருந்தா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. அந்த வாக்கியத்தை முடிக்காத அளவுக்கு நல்லவர்.

இன்னாசியின் வழக்கில் நான் சாட்சி சொன்னேன். அவர் மனைவி ஷாலட் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். குளுவான், கிராவிட்டான், விருந்தாளி, கழித்தல் எல்லாவற்றையும் சொன்னேன். நீதிபதி பொறுமையாகக் குறிப்பெடுத்தார். அரசு வழக்கறிஞர் எழுந்தார்.

“இரண்டாவது அலைக்குச் சைரன் அடித்தது உங்கள் புதுத் துகளாலா, நீங்கள் கருவியைத் திருகியதாலா? எண்பதை நாற்பதாகக் குறைத்து வைத்திருந்தாலும் அடித்திருக்கும் அல்லவா?”

“நான் குறைக்கவில்லை.”

“பதிவு இருக்கிறதா?”

“இல்லை.”

“பதிவை நிறுத்தியது யார்?”

“நான்தான்.”

“முதல் அலையன்று சைரன் வேண்டாம் என்று போனில் சொன்னவரும் நீங்கள்தானே?”

“ஆமாம்.”

நிபுணர் என்ற முறையில் அஸ்வத்தைக் கேட்டார்கள். இரண்டாம் நிகழ்வின் தரவு செல்லாது என்றார். முதல் நிகழ்வு ஒன்றை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார். அப்படி ஒரு துகள் இருப்பதாக இன்றைய அறிவியல் ஏற்கவில்லை என்றார். மூன்றும் உண்மை. நானே அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாலும், இரண்டு வருடத்துக்கு முன்பென்றால், அதையேதான் சொல்லியிருப்பேன்.

வழக்கறிஞர் முடிவுரையில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். அதே நிலையம், அதே சைரன். இரண்டாவது முறை பணியில் இருந்த அலுவலர் விழிப்போடு இருந்தார், ஊர் பிழைத்தது. முதல் முறை இருந்தவர் அப்படி இல்லை. அந்த இரண்டாவது அலுவலருக்கு ஏற்கெனவே பாராட்டுப் பத்திரம் கொடுத்திருந்தார்கள். பாவம், சைரன் தானாக அடித்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னாசிக்கு ஐந்து வருடம். என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஒரு பத்திரிகை என் படத்தைப் போட்டு, ‘உயிர் காத்த கருவியில் கை வைத்த விஞ்ஞானி’ என்று எழுதியது.

போன வாரம் மறுபடி சிறைக்குப் போனேன். பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வந்து உட்கார்ந்தார்.

“ரெண்டாவது அலைல எத்தனை பேரு செத்தாவ? இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதானுவ.”

“ஒருத்தரும் சாகல.”

தலையை ஆட்டினார். “ஒருத்தரும் சாகலன்னா என்னைய எப்படி விடுவாவ.”

குற்றம் சாட்டும் குரல் இல்லை. கணக்கைச் சரி பார்த்துக்கொண்டது போலத்தான் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

“இப்ப எந்தக் கணக்கு ஓடுது?”

“பழையது. கழிச்சதுதான். போன மாசம் புதுசா பூட்டுப் போட்டு மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க. அடுத்த நிகழ்வுக்காகக் காத்துட்டிருக்காங்க.”

“ஷாலட்டுக்க தம்பி உடைஞ்ச எடத்துலயே திரும்பக் கொட்டகை போட்டிருக்கானாம். கரைய ஒட்டி.”

“தெரியும். நேர்ல போனேன். அவர்கிட்ட மட்டும் இல்ல, ஊர்ல ஒவ்வொரு வீடா ஏறி இறங்கிச் சொன்னேன். சைரனை நம்பாதீங்க, அது அடிக்காது, கடல் உள்வாங்கினா உடனே ஓடுங்கன்னு.”

“என்ன சொன்னாவ?”

“உட்கார வெச்சு டீ குடுத்தாங்க. யாரும் கோபப்படல. அப்புறம் உங்க மச்சான்தான் சொன்னார், ‘போன தடவை அடிச்சுதுல்லா மேடம், ஊரே பொழச்சுதுல்லா, நீங்க பயப்படாம போங்க’ன்னு.”